வருகிறவர்களுக்கும் கொஞ்சம் வேலை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் வருடாவருடம் ஒரு வழக்கு நடக்கும். பிள்ளைகள் வந்து இறங்குவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. முடிக்கவே கூடாது, பாதியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இருவருமே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர் மின்துறையில் இருந்தார், நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. நினைத்தால் டிசம்பர் முதல் வாரத்திலேயே நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு, குடிலைக் கட்டி, பரிசுப் பொட்டலங்களுக்கு ரிப்பன் சுற்றிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடலாம்.

"அதுங்க பயணம் பண்ணி அலுத்துப்போய் வரும். வந்ததும் உக்காந்து பார்க்கட்டுமே" என்பார்.

பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் எல்லாம் முடிந்த வீட்டுக்குள் நுழைகிற பிள்ளைகள் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். பையை வைத்துவிட்டு சோபாவில் உட்கார்கிறார்கள். "அம்மா, ஏதாவது செய்யணுமா?" என்று கேட்கிறார்கள். "ஒண்ணுமில்லப்பா, நீ ரெஸ்ட் எடு" என்கிறோம். உடனே போன் கைக்கு வந்துவிடுகிறது. வளர்ந்த வீட்டில் கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது பெரிய அந்நியம். மூன்று நாள் தங்கிவிட்டுப் போகும்போது, நாம் அவர்களை நன்றாகக் கவனித்துக்கொண்டோம் என்ற திருப்தி நமக்கு இருக்கும். அவர்களுக்கு நல்ல ஹோட்டலில் தங்கிப் போன நினைவுதான் மிஞ்சும். அதனால் இந்த வழக்கில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எதை முடிப்பது, எதை வைத்திருப்பது என்பதில் மட்டும் யோசனை வேண்டும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, கழுவித் துடைக்கிற வேலைகள் எல்லாம் முன்பே முடிந்துவிட வேண்டும். அதை யாருக்கும் மிச்சம் வைக்கக் கூடாது. வந்தவர்கள் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது நியாயமில்லை. உலர்பழம் ஊறவைத்துச் செய்கிற கேக்கையும் வாரக்கணக்கில் முன்னாலேயே செய்து பட்டர் பேப்பரில் சுற்றி வைத்துவிடுவேன். அது இருக்க இருக்கத்தான் சுவை கூடும். எங்கள் மாத்திரைகளை ஒரு வாரத்துக்கானது பிரித்து டப்பாவில் போட்டுவிடுவேன், ஏனென்றால் வீடு நிறைந்த நாட்களில்தான் அவர் இரத்த அழுத்த மாத்திரையை மறப்பார். குடில், நட்சத்திரம், சீரியல் செட், சாப்பாட்டு மேசை, பரிசுகளுக்குப் பெயர் எழுதுவது இவையெல்லாம் வருகிறவர்களுக்கு. இருபத்துமூன்றாம் தேதி மொத்தமும் அதற்குத்தான்.

இந்த வருடம் இருபத்துமூன்று காலையில் மகள் குடும்பம் வந்தது. மகனும் மருமகளும் குழந்தையோடு மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவருடைய அக்காவை முதல் நாளே போய் அழைத்துவந்துவிட்டோம். அண்ணிக்கு எண்பது கடந்துவிட்டது, தனியாக இருக்கிறார், கை நடுங்கும்.

காலை உணவு முடிந்த கையோடு அவர் பேத்தியைக் கூப்பிட்டார். "இங்க வா பாப்பா, உனக்கு ஒரு ரோகி வச்சிருக்கேன்" என்று ஒரு பழைய சீரியல் செட்டை எடுத்துத் தரையில் போட்டார். எரியாத செட். என் கட்சிக்கு எதிராக வருடம் முழுக்க வாதாடுகிற மனிதர், பத்தாம் வகுப்பில் மின்னோட்டம் படிக்கிற பேத்திக்காக அதை ரிப்பேர் பண்ணாமல் வைத்திருந்தார். எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

பேத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இவர் முதுகுக்கு மோடா போட்டுக்கொண்டு பக்கத்தில். "பிளக்கை மாட்டாத. முதல்ல கண்ணால பாரு" என்றார். பழைய செட்டில் பல்புகளெல்லாம் ஒரே வரிசையில் தொடர் இணைப்பில் இருக்கும். நாற்பது பல்பு என்றால் 230 வோல்ட்டும் நாற்பதாகப் பிரிந்து ஒன்றுக்கு ஆறு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். நடுவில் ஒன்று கழன்றால் வரிசையே அணைந்துவிடும். "அப்ப எது கெட்டதுன்னு எப்படித் தாத்தா கண்டுபிடிக்கிறது?" என்று அவள் கேட்க, நல்ல பல்பு ஒன்றை எடுத்து ஒவ்வோர் இடத்திலும் மாற்றிப் பார்க்கிற பழைய வழி, மல்ட்டி மீட்டரை வைத்துப் பாதி பாதியாகச் சோதிக்கிற வழி இரண்டையும் சொன்னார். அவள் மீட்டரைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் வைத்துப் பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, கடைசியில் வரிசையின் வால்பக்கம் இழை அறுந்த ஒரு பச்சைப் பல்பில் போய் நின்றாள்.

கிறிஸ்துமஸ் மரத்தில் மின்விளக்கு போடுகிற யோசனையே மின்துறைக்காரர் ஒருவருடையதுதான் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைச் சுற்றி, மரத்தையே மோட்டார் வைத்துச் சுழலவிட்டார். அதற்கு முன்பு மரத்தில் நிஜ மெழுகுவர்த்திதான். எத்தனையோ வீடுகள் அதனால் தீப்பிடித்திருக்கின்றன. அந்தக் கதையை முடித்துவிட்டு இவர் எப்போதும் சொல்கிற ஒன்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வது சரி. குடிலில் வைக்கோல் போடுகிறவர்கள் அதற்குள் மெழுகுவர்த்தியோ சூடாகிற பழைய பல்போ வைக்கக் கூடாது. எல்.இ.டி. வையுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் சொருகாதீர்கள். படுக்கப் போகும்போதும் பூசைக்குக் கிளம்பும்போதும் எல்லாவற்றையும் அணையுங்கள்.

நட்சத்திரம் கட்டுவதில் மட்டும் சிறிய தகராறு. ஏணியை எடுத்தது அவர்.

"மாமா, நீங்க கீழயே இருங்க. நான் ஏறுறேன்" என்றார் மருமகன்.

"நான் ஏறாத கம்பமா மாப்பிள்ளை?"

"ஏறினதெல்லாம் போதும்ப்பா, இறங்குங்க" என்றாள் மகள், அவர் இன்னும் முதல் படியிலேயே காலை வைக்காதபோதே.

எழுபது தாண்டிய உடம்பில் ஒரு எலும்பு உடைந்தால் அது ஒரு பண்டிகையோடு போகிற விஷயமில்லை. ஏணியை இளையவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அவரை உள்ளே போகச் சொல்லவும் நான் சம்மதிக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் இடதுபக்கம், கம்பியை இழுக்காதீங்க, முடிச்சுக்குக் கீழ ஒரு வளையம் விடுங்க, காத்துக்கு ஆடணும்" என்று அவர் சொல்லச் சொல்ல மருமகன் கட்டினார். பிறகு மருமகன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "மாமா சொன்ன மாதிரி வளையம் விட்டதுதான் சரி" என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மதியம் எல்லாரும் ஒரு மணி நேரம் படுத்தோம். கூச்சப்படாமல் படுத்தோம். வேலைக்குப் போன காலத்தில் கிறிஸ்துமஸ் வேலை முழுவதும் ராத்திரியில்தான் நடக்கும். அலுவலகம் விட்டு வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, கண்ணெரியப் பொட்டலம் மடிப்போம். இப்போது பகல் முழுக்க நம்முடையது, உடம்புதான் பகல் முழுக்க நம்முடையதாக இல்லை. மூன்று மணிக்குமேல் வேலை இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு மணிக்குப் படுப்பதில் தவறே இல்லை.

மூன்றரைக்குக் குடில் பெட்டி வந்தது.

எனக்கு மொத்த நாளிலும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குடிலில் வைக்கிற சிறு சிலைகளான சுரூபங்களை ஜனவரியில் எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் அன்றைய செய்தித்தாளில் சுற்றிவைப்போம். மறு டிசம்பரில் பிரிக்கும்போது பழைய செய்தி ஒவ்வொன்றாக வெளிவரும். பேரனுக்குப் பிரிக்கிற வேலை. அண்ணிக்குத் துடைக்கிற வேலை. கத்தி பிடிக்க முடியாத கை, ஆனால் மெத்தென்ற துணியால் ஒரு மண் ஆட்டைத் துடைக்க முடியும். மடியில் துண்டை விரித்துக்கொண்டார், விழுந்தாலும் மடியிலேயே விழட்டும் என்று. பேரன் பிரித்துக் கொடுப்பான், அண்ணி துடைத்து மேசையில் வைப்பார், வைக்கும்போது பெயர் சொல்வார். "இது சூசையப்பர். இது மாதா. இவன் ஆட்டைத் தோள்ல போட்டிருக்கிற இடையன். இவன் கொட்டாவி விடுறான் பாரு, இவன் ராத்திரிக் காவல்."

வயதானவர்களை அழைத்துவந்து நல்ல நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை கொடுத்து, அதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறோம். நாற்காலி வேண்டும்தான். கூடவே கைக்கு ஒரு வேலையும் வேண்டும். அன்று அண்ணி பேசிய அளவுக்கு நான் அவர் பேசிப் பார்த்துப் பல காலமாகிறது.

எங்கள் சுரூபங்கள் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை, அளவு பொருந்தாது. ஒட்டகம் ஆட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். இதற்கு என் வீட்டுக்காரர் ஒரு வழி வைத்திருக்கிறார். சிறியதையெல்லாம் பின்னால், உயரத்தில் வைக்க வேண்டும். பெரியது முன்னால், தாழ்வில். பிரவுன் பேப்பரில் பசைத்தண்ணீர் தடவிக் கசக்கிக் காயவைத்தால் பாறையாக விறைத்து நிற்கும். அதன் உச்சியில் ஒட்டகத்தை வைத்தால் தூரத்து மலையில் வருகிற ஒட்டகம் ஆகிவிடும். பேரன் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, "ரொம்பத் தூரத்துல வருது தாத்தா" என்று ஒப்புக்கொண்டான்.

பிரித்த பொட்டலம் ஒன்றில் மூன்று கால் ஆடு வந்தது. நான்காவது கால் தீக்குச்சி. மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டு, பசை வைத்து ஒட்டி, ஆட்டின் வெள்ளைக்குப் பொருந்துவதற்காக அதன் மேல் பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைத் தேய்த்திருக்கும். என் மகன் ஏழெட்டு வயதில் செய்த வைத்தியம். அக்காவும் தம்பியும் யார் வைப்பது என்று இழுத்ததில் கால் போனது. சுண்ணத்தூள் இப்போது பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, பசை பழுப்பேறித் தேன் நிறமாகியிருக்கிறது, குச்சி மட்டும் இன்னும் நிற்கிறது. வேறு ஆடு வாங்கலாம். வாங்க மாட்டோம்.

"மாடும் கழுதையும் எங்க வைக்கணும் பாட்டி?" என்றான் பேரன்.

வரலாற்று டீச்சரிடம் கேட்டால் சும்மா விடுவேனா. லூக்கா நற்செய்தியில் குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தியது மட்டும்தான் இருக்கிறது, மாடும் கழுதையும் இல்லை. எசாயா புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், மாட்டுக்குத் தன் உடைமையாளரைத் தெரியும், கழுதைக்குத் தன் தலைவன் தீனிபோடும் இடம் தெரியும், என் மக்களுக்குத் தெரியவில்லையே என்று ஒரு வருத்தம் வரும். அதைப் படித்தவர்கள் இரண்டையும் தொட்டியருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். 1223இல் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி, இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது சுரூபம் எதுவும் வைக்கவில்லை. நிஜ வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை. ஊர்க்காரர்கள் பந்தமும் மெழுகுவர்த்தியும் ஏந்தி மலையேறி வந்தார்கள். குழந்தை பிறந்த இடத்தின் வறுமையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊரே சேர்ந்து செய்த அந்த இரவிலிருந்து எண்ணூறு வருடம் கடந்து, இன்றும் ஒருவர் தனியாகக் குடில் கட்டினால் எனக்கு அது முழுமையாகப் படுவதில்லை. இரண்டு பிள்ளைகளுமே வர முடியாத ஒரு வருடம் நாங்கள் இருவர் மட்டும் கட்டினோம். சீக்கிரம் முடிந்துவிட்டது. அழகாகவும் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

"அப்ப மாட்டை எடுத்துடலாமா?" என்றான் பேரன் கவலையாக.

"வேணாம் கண்ணா. பக்கத்திலேயே வை. குளிர்ல மூச்சுக்காத்து படட்டும்" என்றார் அண்ணி.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மகன் குடும்பம் வந்து இறங்கியது. மகன் பையைக் கூடக் கழற்றாமல் குடிலுக்கு முன்னால் குனிந்தான். "என் ஆடு எங்க?" ஓங்கி வளர்ந்து நிற்கிறவன், ஆட்டைக் கையில் எடுத்துத் தீக்குச்சியைத் தடவிப் பார்த்தான். "கால் நீதான் உடைச்ச" என்றாள் அக்கா. "நீ இழுத்த." ஐந்து நிமிடத்துக்கு அதே பழைய சண்டை, அவரவர் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருக்க.

மருமகள் கைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என்னிடம் காட்டிவிட்டு உள்ளே வைத்தாள். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் குடில் கட்டும்போதே குழந்தை இயேசுவையும் வைத்துவிடுவோம். அவள் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸில் குடிலருகே நின்று தயங்கித் தயங்கி, "அத்தை, எங்க வீட்ல நடுராத்திரிப் பூசை முடிஞ்சு வந்துதான் குழந்தையை வைப்போம். அதுவரைக்கும் தொட்டி காலியா இருக்கும்" என்றாள். உண்மையில் அதுதான் பொருத்தம். இன்னும் பிறக்காத குழந்தைக்காகக் காத்திருக்கிற காலம்தானே திருவருகைக்காலம்! அன்றே குழந்தையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு வருடமும் பண்டிகை முடிந்ததும் அவளே கொண்டுபோய், அவளே கொண்டுவருகிறாள். வேலை கொடுத்தால் போதாது, வந்தவர்கள் தம் வழக்கத்தையும் கூட்டிவர இடம் வேண்டும். மருமகளை இந்த வீட்டில் யாரும் விருந்தாளியாகப் பார்த்து இப்போது ஆண்டுகளாகிறது. அதற்கு என் பேச்சைவிட அந்தச் சிறிய சுரூபம் அதிகம் செய்திருக்கிறது.

இரவு செபத்துக்குத் திருவருகைக்கால வளையத்தின் நான்கு மெழுகுவர்த்திகளையும் ஏற்றினோம். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். நடுவில் இருக்கிற வெள்ளை இன்னும் ஏற்றப்படவில்லை. "இன்னும் எத்தனை நாள்?" என்றான் பேரன், மறுநாள் இரவு என்று தெரிந்தே. பிள்ளைகளின் இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வளையமே வந்ததாகச் சொல்வார்கள். ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன் என்ற போதகர், தினமும் வந்து நாள் கேட்ட பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். வாரநாளுக்குச் சிறியது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது. ஏற்ற ஏற்றப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். சமாதானம் சொல்லி அனுப்பாமல் எண்ணுகிற வேலையை அவர்களிடமே கொடுத்த மனிதர் என்பதால் எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

செபம் முடிந்ததும் மேசைக்கு யார் எங்கே உட்காருவது என்று பேத்தி அட்டைகளில் பெயர் எழுத ஆரம்பித்தாள். மகனும் மருமகனும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பரிசுப் பொட்டலம் மடித்தார்கள். செல்லோடேப்பை இழுக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மகளும் மருமகளும் அடுக்களையில் மறுநாள் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. நான் சண்டை போடவில்லை, அண்ணிக்குக் கால் பிடித்துவிட்டேன்.

மூன்று ஞானிகள் மட்டும் இன்னும் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருந்தார்கள். மத்தேயு நற்செய்தி அவர்களை மூன்று பேர் என்று சொல்லவில்லை; பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றானார்கள். அவர்கள் ஜனவரி 6, திருக்காட்சி விழாவுக்குத்தான் குடிலுக்கு வந்துசேர வேண்டும். தினமும் ஓரடி நகர்த்துவது பேரன் பொறுப்பு. ஆனால் புத்தாண்டு கழிந்ததும் அவன் ஊருக்குப் போய்விடுவான். அதனால் தாத்தாவை அலமாரி முன் நிறுத்திப் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தான்.

"தினமும் நகர்த்தணும் தாத்தா. போட்டோ அனுப்பணும். ஒரேயடியா கொண்டுபோய் வச்சிடக் கூடாது."

"சரிப்பா. அலமாரியில இருந்து மேசைக்கு எப்படி வர்றது? நடுவுல அவ்வளவு இடைவெளி இருக்கே."

பேரன் யோசித்தான். "கீழ இறங்கி நடந்து வரட்டும். ஆனா ஜன்னல் பக்கமா சுத்திக்கிட்டு வரணும், நேரா வந்தா முன்னாடியே வந்துருவாங்க."

"அப்ப வழி போட்டுக் கொடுத்துட்டுப் போ. எனக்கு மறந்துபோகும்" என்றார் அவர்.

என் பழைய டப்பாவிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துக் கொடுத்தேன். தாத்தா மோடாவில் உட்கார்ந்து டார்ச் அடிக்க, பேரன் அலமாரிக் காலிலிருந்து தரையில் கோடு இழுக்க ஆரம்பித்தான். ஜன்னலருகே வந்ததும் நின்று, "இங்க ஒரு நாள் தங்கணும்" என்று ஒரு வட்டம் போட்டான்.